சட்டை போட்ட தவசிப்பிள்ளை

வானத்தில் வால் நட்சத்திரம் தெரிந்து ஊர் ஊராகப் பயந்துகொண்டிருந்தார்களே, அந்த வருஷம் ஆவணி மாதம் நடந்தது இது. இடம், தாமிரபரணிக் கரையில் முக்கூடலுக்குச் சற்று மேற்கே ஓர் ஊர். பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் அங்கே உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இதில் பாதி அந்த ஊருக்குத் தெரியும். மீதியை யாரிடமும் நான் சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்த ஊர்ச் சிறிய ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மருந்து கலக்குவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, டாக்டர் கத்தியை நீட்டச் சொன்னால் நீட்டுவது, இவ்வளவுதான் என் உத்தியோகம். ஆனால் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கடைத் தெருவில் நடக்கும்போது யாராவது தெரியாமல் "டாக்டரய்யா" என்று கூப்பிட்டுவிட்டால் திருத்த மாட்டேன். கோட்டுக் காலரில் எப்போதும் ஒரு குண்டூசி குத்தி வைத்திருப்பேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது; டாக்டர் வைத்திருந்தார், நானும் வைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் சைவ வீட்டுக் கல்யாணங்களுக்குச் சமைக்கிறவரைத் தவசிப்பிள்ளை என்போம். இந்தக் கதையில் வருபவர் அப்படி ஒரு தவசிப்பிள்ளை. நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற சொதி விருந்துக்கு, ஆற்றின் இரு கரையிலும் அவரை விட்டால் ஆள் கிடையாது. சொதி என்பது தேங்காய்ப் பாலில் வைக்கிற குழம்பு; பால் திரியாமல் அதை இறக்குவது லேசான காரியமில்லை. அவர் வாயில் வைத்துப் பார்க்கவே மாட்டார். பந்திக்குப் போகுமுன் எச்சில் படக்கூடாது என்பதால் ஆவியை முகர்ந்தே உப்புச் சரியா என்று சொல்லிவிடுவார்.

அவருக்கு நீரிழிவு இருந்தது. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடு முதுகில் ராஜபிளவை என்கிற பெரிய கட்டி வந்து, எங்கள் டாக்டர் மயக்க மருந்து கொடுத்துக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்து எடுத்தார். அவருடைய சிறுநீரை நீல மருந்தோடு காய்ச்சி, அது செங்கல் நிறமாக மாறியதைப் பார்த்துச் சொன்னவனே நான்தான். சர்க்கரை உள்ள உடம்பில் புண் லேசில் ஆறாது. இரண்டரை மாதம் தினமும் காலையில் நான்தான் கழுவிக் கட்டினேன். கடைசியில் அது மூடியபோது டாக்டரே என் தோளைத் தட்டினார்.

தவசிப்பிள்ளைக்கு அந்த நன்றி மறக்கவே இல்லை. எந்த வீட்டு விசேஷத்தில் என்னைப் பார்த்தாலும், "ஏ, என் முதுகு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாதுப்பா, நான் பார்த்தது கிடையாது. கம்பவுண்டர் தம்பிகிட்ட கேளுங்க, அவுகதான் பார்த்திருக்காவ" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அது பெருமையாக இருக்கும்.

சரி, அந்த ஆவணியில் நடந்த கல்யாணத்துக்கு வருகிறேன். பெண் என் தாய்மாமன் மகள். கல்யாணம் முடிந்து மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் நூறு பேருக்கு மேல் வந்து முன்பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். பின்கட்டில் கோட்டை அடுப்பில் சொதி. தவசிப்பிள்ளை வழக்கம்போல வெற்றுடம்போடு, இடுப்பில் துண்டை இறுக்கிக்கொண்டு அகப்பையைப் பிடித்து நின்றார். முதல் பால் ஊற்றுகிற சமயம்.

அங்கே வந்த மாமா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"மருமவனே, இவரு முதுகுல என்னமோ மினுங்குதே, அது என்னது? சம்பந்தி வீட்டு ஆளு ஒருத்தர் இப்பத்தான் பார்த்துட்டுக் கேக்காரு."

பார்த்தேன். நான் கட்டுப் போட்டு ஆற்றிய அதே தழும்புதான். ஆனால் அடையாளமே மாறியிருந்தது. நடுவில் மஞ்சளாக, மெழுகு தேய்த்தாற்போல் பளபளப்பு. சுற்றிலும் செம்மண் நிறத்தில் ஒரு கரை. உள்ளங்கை அகலம் இருக்கும். இப்படி ஒன்றை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"தெரியவில்லை மாமா, டாக்டர் வரட்டும்" என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் அப்போது சாத்தான்குளம் பக்கம் வாந்திபேதி என்று அங்கே அனுப்பப்பட்டிருந்தார். அவர் இல்லாத மூன்று மாதமும் ஊருக்கு நானே டாக்டர் என்று ஒரு நினைப்பு எனக்கு. சம்பந்தி வீட்டாரும் நாலைந்து பேர் பின்கட்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். எல்லார் கண்ணும் என் மேல். நான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "உணர்ச்சி இருக்கா பார்ப்போம்" என்றேன். பெருவியாதி, அதாவது குஷ்டம், என்று சந்தேகம் வந்தால் டாக்டர் ஊசியால் குத்திப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே பரீட்சை அது.

காலரில் இருந்த குண்டூசியை எடுத்தேன். தவசிப்பிள்ளைக்குப் பின்னால் சத்தமில்லாமல் போனேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மஞ்சள் இடத்தின் நடுவில் குத்தினேன். அவர் சொதியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். இன்னும் ஆழமாகக் குத்தினேன். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அப்போதும் அவர் திரும்பவில்லை. "தீயைக் கொஞ்சம் இழுங்கப்பா" என்று யாரிடமோ சொன்னார், அவ்வளவுதான்.

வாசலில் நின்றவர்களில் ஒருவர் "சிவ சிவா" என்றார். நான் மாமாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். பெருவியாதி என்று வாயால் சொன்னேனா என்றால், சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். பந்தல் முழுக்கக் கேட்டுவிட்டது.

அப்புறம் நடந்ததை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இலை போட்ட பந்தி எழுந்துவிட்டது. சோறு, சொதி, இஞ்சிப் பச்சடி, பாயசம் எல்லாவற்றையும் கொல்லையில் குழி வெட்டிக் கொட்டினார்கள். சம்பந்தி, மாப்பிள்ளைக்கு அப்பா, வாழைப்பழமும் மோரும் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறினார். மாமா தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார். கொல்லை முழுக்கத் தேங்காய்ப் பால் வாசனை. தவசிப்பிள்ளை கையில் அகப்பையோடு அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் வந்து, நாலடி தள்ளியே நின்றுகொண்டு கேட்டார்.

"தம்பி, நெசமாவா?"

அவர் முதுகை அவர் பார்த்ததில்லை. நான்தான் பார்த்திருக்கிறேன். நான் 'ஆமாம்' என்றேன்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் சண்டைக்குப் போயிருப்பார். நான் சொன்னதால் நம்பினார். வீட்டுக்குள் போகவில்லை. ஆற்றங்கரையில் இடிந்த கல்மண்டபம் ஒன்று உண்டு. அங்கே போய் இருந்துகொண்டார். மனைவி காலையிலும் மாலையிலும் தூக்குச் சட்டியில் கேப்பைக் களி கொண்டுவந்து ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு விலகி நிற்பாள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை; அதை அழைத்து வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். குளிப்பதற்கு வண்ணான் துறைக்கும் கீழே நடந்து போவார், தான் குளித்த தண்ணீர் இன்னொருவர் மேல் படக்கூடாது என்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரிய மனசு பண்ணி நீரடிமுத்து எண்ணெய் ஒரு புட்டி கொடுத்து அனுப்பினேன். பெருவியாதிக்குத் தடவுகிற எண்ணெய் அது. ஊரில் நாலு பேர், "சின்ன வயசானாலும் கம்பவுண்டருக்குக் கண்ணு கூர்மைவே" என்று பேசிக்கொண்டார்கள். அது என் காதில் விழுந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

ஐப்பசியில் டாக்டர் திரும்பி வந்தார். வந்த அன்றைக்கே, நான் கண்டுபிடித்த கேஸைப் பற்றி அளந்தேன். கேட்டுக்கொண்டே வந்தவர் சட்டென்று என்னை நிறுத்தினார்.

"எங்கவே அந்தப் படை? வேற இடத்துல இருக்கா, நாம அறுத்த இடத்துல மட்டுமா?"

"அறுத்த இடத்துலதான் சார்."

அவர் முகம் மாறியது. உடனே ஆளனுப்பி வரவழைத்தார். தவசிப்பிள்ளை உள்ளே வர மறுத்து வாசல் வேப்பமரத்தடியிலேயே நின்றார். டாக்டரே அங்கே போனார். அவரைத் திருப்பி நிறுத்தி, கோழி இறகால் தடவினார். பிறகு இரண்டு கண்ணாடிக் குழாயில் சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் எடுத்துவரச் சொல்லி மாற்றி மாற்றி வைத்தார். தழும்பின் நடுவில்தான் அவருக்குச் சூடும் குளிரும் தெரியவில்லை. செம்மண் கரையிலேயே எல்லாம் தெரிந்தது. முழங்கையில் நரம்பைத் தடவிப் பார்த்தார். காது, புருவம், விரல் நுனி ஒன்றுவிடாமல் பார்த்தார். மூக்கிலிருந்து துடைத்தெடுத்துப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். அந்தப் பதில் ஒரு வாரம் கழித்து வந்தது. கிருமி எதுவும் இல்லை என்று. ஆனால் அதற்குக் காத்திராமல் அன்றைக்கே என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஊசியைக் கொடும்."

கொடுத்தேன். என் இடது கையை இழுத்தார். கட்டைவிரலில் எனக்கு ஒரு தழும்பு. மருந்துப் புட்டி உடைந்து கிழித்து, அவரே தைத்துவிட்டது. "அந்தப் பக்கம் பாரும்" என்றார். திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "குத்தினேனே, தெரிஞ்சுதா?" என்றார். பார்த்தால் தழும்பின் மேல் ஒரு பொட்டு ரத்தம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"அப்போ உமக்கும் பெருவியாதியாவே? அறுத்த இடத்துல நரம்பும்தான் அறுபடும். இதுகூடத் தெரியாம ஒரு மனுசனை மண்டபத்துல கொண்டு வச்சிருக்கீரே!"

வேப்பமரத்தடியில் மருந்துக்கு வந்த பத்துப் பேர் இருந்தார்கள். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. பேச்சை மாற்றுவதற்காக, "அப்போ இது என்ன நோய் சார்?" என்றேன். டாக்டர் கொஞ்சம் யோசித்தார். சர்க்கரை உள்ளவர்களுக்கு எப்போதாவது பழைய தழும்பில் தோல் இப்படி மாறுகிறது, என் ஆயுளில் இதற்கு முன் ஒருவரிடம் பார்த்திருக்கிறேன், எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை, ஒட்டாது, பரவாது, அதன் பெயர் எனக்குத் தெரியாது என்று சொன்னார். இருபது வருஷம் டாக்டராக இருந்தவர், பத்துப் பேர் முன்னால் தெரியாது என்று சொன்னார். அவர் மரியாதை ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை.

தவசிப்பிள்ளை அழுவார் அல்லது என்னை ஏசுவார் என்று நினைத்தேன். அவர் டாக்டரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்போ அன்னைக்குக் குழியில கொட்டுனது நல்ல சோறுதானா அய்யா?"

டாக்டர் ஆமாம் என்றதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு மாதமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது நோய் இல்லை. நூறு பேர் சாப்பிட இருந்த சோற்றைத் தன் கை கெடுத்துவிட்டதே என்பதுதான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் தப்புச் செய்தேன், தெரியாமல் செய்தேன் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். இனிமேல் வருவதற்கு அந்த ஆறுதலும் கிடையாது.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "ஊர் முன்னால சொன்னது நீரு. ஊர் முன்னால போய் மாத்திச் சொல்ல வேண்டியதும் நீருதான்" என்றார். தலையை ஆட்டிவிட்டு மாமா வீட்டுக்குப் போனேன். நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வழி நெடுக, 'நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்ற வார்த்தையைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். உள்ளே போனதும் மாமா, "வாரும் டாக்டரே" என்றார். அந்த ஒரு சொல்லில் எல்லாம் கரைந்துவிட்டது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "தவசிப்பிள்ளைக்கு இப்போ குணமாயிட்டுது மாமா. நம்ம ஆஸ்பத்திரி மருந்துல சுத்தமாப் போயிட்டு. இனி பயமில்லை."

அவர்கள் என்னை மெச்சினார்கள். நானும் என் மனசிடம், எப்படிச் சொன்னால் என்ன, அவருக்கு வேலை கிடைத்தால் சரி என்று சொல்லிக்கொண்டேன்.

கிடைக்கவில்லை. கார்த்திகையில் ஏழு கல்யாணம், தையில் அதற்கு மேல். ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை. வந்து போன நோய் திரும்பி வராது என்று யார் கண்டது? அந்த நோய் பட்ட கை எந்தக் காலத்தில் சுத்தமாகும்? இதுதான் பேச்சு. வேப்பமரத்தடியில் பத்துப் பேர் கேட்டதையும், அதற்குள் நோய் போய்விட்டிருந்தது என்றே ஊர் எடுத்துக்கொண்டது. இலை நறுக்கவும் விறகு பிளக்கவும்கூட அவரைச் சேர்க்கவில்லை. மாசி மாதம் ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். கோபமில்லை. குரலை உயர்த்தவே இல்லை.

"எனக்கு வந்து குணமாயிட்டுன்னா சொன்னீய? வராத நோயை வந்து போச்சுன்னு சொல்லிட்டீயளே தம்பி. வந்திருக்குன்னு சொன்னீய, டாக்டரய்யா இல்லைன்னுட்டாவ. வந்து போச்சுன்னு சொன்னா, அதை யாரு இல்லைன்னு சொல்லுவா?"

நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியும் நான் வாயைத் திறக்க இன்னும் நாலு மாதம் ஆயிற்று. ஆனி மாதம் அதே மாமா மகளுக்கு வளைகாப்பு. அதே பந்தல், அதே மனிதர்கள், அதே சம்பந்தி வீட்டார். சமையலுக்கு வேறு ஆள். இலையில் சோறு விழுந்துவிட்டது. நான் எழுந்து நின்றேன்.

"அன்னைக்குத் தவசிப்பிள்ளைக்குப் பெருவியாதின்னு சொன்னேன், அது பொய். குணமாயிட்டுன்னு சொன்னேன், அதுவும் பொய். அவுகளுக்கு அந்த நோய் ஒருநாளும் வந்ததில்லை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டேன். அப்புறம் மானம் போயிரும்னு மறைச்சேன்" என்று சொல்லி முடித்தேன். மாமா முகம் கறுத்துவிட்டது. "உக்காரும்வே, எலையில சோத்தைப் போட்டுக்கிட்டுப் பேசுத பேச்சா இது" என்றார். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசுவதற்கு மூன்று வருஷம் பிடித்தது. நூறு பேர் சோற்றை மண்ணில் கொட்டியவர் அவர். அந்தக் கோபம் நியாயம்தான்.

அன்று பந்தியில் அடுத்துப் பேசியது சம்பந்திதான். சாப்பாட்டில் குறை வைக்காத மனிதர். "ஏ, அப்போ அந்தச் சொதி நல்ல சொதியா? எனக்கு மோரை ஊத்தி அனுப்பிட்டீயளேவே!" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பேரன் பிறந்து பெயர் வைக்கிற அன்று, தன் வீட்டில் அவரே தவசிப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சமைக்கச் சொன்னார். முதல் இலையில் தானே உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வீடுகளில் கூப்பிட்டார்கள். பழைய மாதிரி இல்லை, பாதிகூட இல்லை.

அந்த முதல் விருந்துக்கு நானும் போயிருந்தேன். பின்கட்டில் எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தவசிப்பிள்ளை முரட்டுத் துணியில் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்து வரை பொத்தானை மாட்டிக்கொண்டு கோட்டை அடுப்பின் முன் நின்றார். சட்டை வேர்வையில் தோய்ந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அடுப்படியில் சட்டை போட்ட தவசிப்பிள்ளையை அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"அண்ணாச்சி, இந்த வெக்கையில எதுக்கு இது? கழத்திப் போடுங்களேன்" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. இனிமே என் உடம்பை யாரும் பார்க்க வேண்டாம்" என்றார். பந்தியில் என் இலைக்கு அவரே வந்து சொதி ஊற்றினார். நன்றாக இருந்தது. எப்படி விழுங்கினேன் என்று தெரியவில்லை.

அந்த வார்த்தையை நான் அன்றைக்கு வெறும் மனத்தாங்கல் என்று நினைத்தேன். நாலு வருஷம் கழித்துத்தான் புரிந்தது. வலது குதிகாலில் அவருக்கு ஒரு புண் வந்திருக்கிறது. சர்க்கரைப் புண். மனைவிக்குக்கூடக் காட்டாமல், வேட்டியைக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, நொண்டுவதைக் கேட்டவர்களுக்குச் சுளுக்கு என்று சொல்லியிருக்கிறார். கால் கறுத்து வாடை எழுந்த பிறகு கட்டிலோடு தூக்கி வந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரு மாசத்துக்கு முன்னால காட்டியிருந்தா" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

கட்டைப் பிரித்துக் கழுவியவன் நான்தான். இரண்டரை மாதம் முதுகை என்னிடம் தினமும் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்த மனிதர், அன்று அந்தக் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அந்தக் காலை அவர் ஏன் மறைத்தார் என்பதுதான் யாரிடமும் நான் சொல்லாத மீதி. காலரில் ஊசி குத்துவதை அப்போதே விட்டுவிட்டேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழகிவிட்டேன். அதனால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் யாராவது புண்ணைத் துணியால் மூடிக்கொண்டு, காட்டலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றால், அந்தத் தயக்கத்தை அந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்து, நானே எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்திருக்கிறேன்.